தோளில் போட்டுச் சுற்றியது

எங்கள் பக்கத்தில் ஆற்றில் மூழ்கியவரைக் கரைக்குக் கொண்டுவந்ததும் யாரும் யோசித்துக்கொண்டு நிற்பதில்லை. கூட்டத்தில் பலசாலியாக இருப்பவர் அவரைத் தோளில் குப்புறப் போட்டுக்கொண்டு கரகரவென்று சுற்றுவார். வயிறு தோளில் அழுந்தி, தலை கீழே தொங்கி, குடித்த தண்ணீரெல்லாம் வாய் வழியே வந்துவிடும் என்பது நம்பிக்கை. தாமிரபரணிக் கரையில் யாரைக் கேட்டாலும் இப்படிச் சுற்றிப் பிழைத்த ஒருவரைப் பற்றிச் சொல்வார்கள். சுற்றியும் பிழைக்காதவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச அவர்களும் இல்லை.

என் வீட்டுக்காரரைத் தோளில் போட்டுச் சுற்றியது என் வாப்பா.

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் அது. வீட்டுக்காரர் சவூதியிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். பேட்டையிலிருந்து குடும்பமாக ஆற்றுக்குப் போனோம். பிரியாணிச் சட்டியோடு நாங்கள் பெண்கள் மருத மரத்தடியில் உட்கார்ந்தோம். ஆண்கள் தண்ணீரில் இறங்கினார்கள். கரையை ஒட்டி ஒரு கல் மண்டபம் உண்டு. இளவட்டமாக இருந்தபோது அதன் உச்சியிலிருந்து டைவ் அடித்த கதையை அவர் எனக்குப் பலமுறை சொல்லியிருந்தார். அந்த வருடம் மழை சரியில்லை, ஆறு இறங்கிப் போயிருந்தது. பாலைவனத்தில் வேலை பார்த்த மனிதருக்கு மனதிலிருந்த ஆறு பழைய ஆழத்திலேயே இருந்திருக்கிறது. மண்டபத்தில் ஏறி என்னைப் பார்த்துக் கை காட்டினார். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து என்ன இளவட்டக்கூத்து என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

தலைகீழாகப் பாய்ந்தவர் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மேலே வந்தார். படித்துறையின் கடைசிக் கல்லை ஒரு கையால் பிடித்திருந்தார். முகம் ஒருமாதிரி கோணியிருந்தது. "மச்சான் வேசம் போடுதாவ" என்று யாரோ சிரித்தார்கள். பிறகு கை வழுக்கி உள்ளே போனார். அப்போதும் சிலர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

வாப்பாதான் முதலில் பாய்ந்தார். கட்டியிருந்த சாரத்தோடு குதித்து, அக்குளில் கை கொடுத்து இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தார். வாப்பா மரம் அறுக்கும் மில்லில் தடி தூக்கியே எங்களை ஆளாக்கியவர். தேக்குத் தடிகள் ஏறி இறங்கிய தோள் அது. அந்தத் தோளில் என் வீட்டுக்காரரை மூட்டை மாதிரி போட்டுக்கொண்டு சுற்றினார். அவருடைய தலை வாப்பாவின் முதுகில் இங்கும் அங்கும் அடித்தது. தண்ணீர் வந்தது, கொஞ்சம் சோறும் வந்தது. இருமினார். இருமல் சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். நானும் சொன்னேன். வாப்பாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

படியில் உட்கார வைத்தால் சரிந்து விழுந்தார். தலை நிற்கவில்லை. மயக்கம் தெளியவில்லை என்று ஒருவர் கன்னத்தில் தட்டினார். இன்னொருவர் வாயில் சோடாவை ஊற்றினார். ஆட்டோவில் குறுக்காகப் போட்டு, தலை ஒருவர் மடியிலும் கால் ஒருவர் மடியிலுமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் பள்ளம். எல்லோரும் பாசத்தோடு செய்தார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டாக்டர் எப்படித் தூக்கி வந்தீர்கள் என்று கேட்டார். வாப்பா தோளைத் தொட்டுக் காட்டி விவரமாகச் சொன்னார். டாக்டர் கொஞ்ச நேரம் வாப்பாவையே பார்த்தார். அப்புறம் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

கழுத்தெலும்பு முறிந்து, உள்ளே போகும் தண்டுவடம் நசுங்கிவிட்டது என்றார்கள். நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. தோளைக் கொஞ்சம் தூக்குவார், அவ்வளவுதான். விரல்கள் மடங்கியபடியே இருக்கும். ஆபரேஷன் முடிந்து பேச்சு தெளிவானபோது அவர் என்னிடம் முதலில் சொன்னது பாசியைப் பற்றி.

"அந்தக் கடைசிக் கல்லப் பிடிச்சேம்லா, அதுல முழுக்கப் பாசி. வழவழன்னு இருந்துச்சு. நகத்தால பிராண்டிப் பாத்தேன், நிக்கல. என் கை கடைசியாத் தொட்டது அதுதான் பாத்துக்க."

ஏதோ பேசுகிறாரே என்ற சந்தோஷத்தில் தலையை ஆட்டினேன். அதற்கு மேல் அதில் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு வந்த காலத்தைப் பற்றி நிறையச் சொல்ல என்னிடம் இல்லை. அழுகை ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. மனது மரத்துப்போய்விட்டது என்று சொல்லலாம். மரத்துப்போனதும் ஒரு வசதிதான், வேலை ஓடும். சிறுநீர்ப் பையை மாற்றுவது, புண் வராமல் இருக்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பிப் படுக்க வைப்பது, சோறு ஊட்டுவது. கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் எனக்குப் பேக்கிங் வேலை கிடைத்தது. காலையில் கம்பெனி பஸ் வரும். பகலில் உம்மா வந்து அவரைப் பார்த்துக்கொள்வாள். ஆரம்பத்தில் விசாரிக்க வந்தவர்கள் பழம் வாங்கி வந்தார்கள், பிறகு வெறுங்கையோடு வந்தார்கள், பிறகு வரவில்லை. யாரையும் நான் குறை சொல்லவில்லை. நானே அவர்கள் இடத்தில் இருந்தால் அதற்கு முன்பே நின்றிருப்பேன்.

வாப்பா மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். ஜும்ஆ முடிந்து தொப்பியோடு வந்து மருமகன் தலைமாட்டில் உட்காருவார். வீட்டில் வேறு யாராவது இருந்துவிட்டால் போதும், ஆற்றங்கரைக் கதை தொடங்கிவிடும். "எல்லாரும் பல்ல இளிச்சிக்கிட்டு நிக்கானுவ. நாம் பாத்தேன். குதிச்சேன். தோள்ல போட்டு ஒரு சுத்து சுத்துனேன் பாருங்க, உசுரு திரும்பிருச்சு. அன்னைக்கு நான் இல்லைன்னா மாப்ள மௌத்துதான்." இதைச் சொல்லும்போது வாப்பாவின் முதுகு நிமிரும். எலக்ட்ரீஷியன் வந்தாலும் சொல்வார், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்தாலும் சொல்வார். அந்தச் சிலிண்டர்காரர் சிலிண்டரை இறக்கிவிட்டு, தோளைத் தடவிக்கொண்டே பாவம் முழுக்கதையும் கேட்டுவிட்டுப் போவார். என் வீட்டுக்காரர் படுத்தபடியே "ஆமா, மாமாதான்" என்பார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். வாப்பாவுக்கு வயதாகிவிட்டது, மில் வேலையும் நின்றுவிட்டது. பெருமைப்பட அவருக்கு அந்த ஒரு சுற்றுதான் மிச்சம்.

கம்பெனியில் ஒருநாள் முதலுதவிப் பயிற்சி வைத்தார்கள். மெஷினை நிறுத்திவிட்டு உட்காரலாம், டீயும் பிஸ்கட்டும் உண்டு என்பதால் எல்லோருக்கும் கொண்டாட்டம். சொல்லிக்கொடுக்க வந்தது ஆம்புலன்ஸில் வேலை பார்க்கும் ஒரு இளம்பெண். படுப்பதற்கு ஆள் வேண்டும் என்றாள். முன்வரிசையில் இருந்த என்னைக் கூப்பிட்டாள். சிமெண்ட் தரையில் மல்லாந்து படுத்தேன்.

அவள் என் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு முழங்கையையும் தரையில் ஊன்றி, இரண்டு உள்ளங்கையாலும் என் காதுகளை மூடாமல் தலையைப் பிடித்தாள். "உயரத்திலேருந்து விழுந்தவங்க, வண்டியில அடிபட்டவங்க, தலைகீழாக் குதிச்சவங்க, இவங்க எல்லாருக்கும் கழுத்து போயிருக்கும்னு நெனச்சுத்தான் பக்கத்துல போகணும். தூக்காதீங்க, உட்கார வைக்காதீங்க, தண்ணி குடுக்காதீங்க. அசையாதீங்கன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க. தலையை ஆட்ட விடாதீங்க. இப்படிப் பிடிச்சுக்கிட்டு நூத்தியெட்டுக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. மூச்சு நின்னுபோனா மட்டும் கதை வேற, மூச்சுதான் முதல்ல" என்றாள். அவள் கை சில்லென்று இருந்தது. கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே நான் கேட்டேன்.

"தண்ணியில விழுந்தவங்கள எங்க ஊர்ல தோள்ல போட்டுச் சுத்துவாங்களே?"

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் எல்லோருக்கும் அது தெரிந்த சங்கதி. அவள் சிரிக்கவில்லை.

"சுத்துனா வயித்துல கெடக்குற தண்ணிதான் வரும், அதனால ஒரு பிரயோசனமும் இல்ல. மூச்சு குடுக்க வேண்டிய நேரம்தான் வீணாப் போகும். குதிச்சு அடிபட்டவரா இருந்தா, எலும்பு மட்டும் ஒடஞ்சு உள்ள நரம்பு நல்லா இருந்திருக்கலாம். கை கால் அசைஞ்சுக்கிட்டுகூட இருந்திருக்கும். சுத்துற சுத்துல அந்த எலும்பே நரம்ப நசுக்கிரும்."

பாசி.

அவர் நகத்தால் பிராண்டினார். விரல் அசைந்திருக்கிறது. வழவழப்பு தெரிந்திருக்கிறது. ஆற்றடியில் தலை மோதின பிறகும் அவருடைய கை அவருடைய கையாகத்தான் இருந்திருக்கிறது.

எழுந்திருங்கள் என்று அவள் இரண்டு முறை சொல்லியிருப்பாள் போல. நான் எழுந்து என் இடத்தில் போய் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டேன். கடைசியில் தனியாகப் போய், "ஒருத்தருக்குக் கை அசைஞ்சது, சுத்தினதுக்கு அப்புறம் அசையலன்னா, சுத்தினதாலதானா?" என்று கேட்டேன். "உறுதியாச் சொல்ல முடியாதுக்கா. வீக்கத்தாலயும் பின்னாடி போகலாம்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கா?" என்றாள். தெரிந்தவர் என்றேன்.

அன்று வீட்டுக்கு வந்து, அவருக்கு முகம் துடைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லக் கூடாது என்று தோன்றியும் சொன்னேன், என்னால் தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை. அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஆஸ்பத்திரியிலயே தெரியும். டாக்டர் மாமாவப் பாத்த பார்வையிலயே தெரிஞ்சுச்சு" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த ஆத்திரம். "தெரிஞ்சா வாரா வாரம் ஆமா மாமாதான்னு சொல்லுதீங்க?"

"பின்ன என்ன சொல்ல? வேணும்னா செஞ்சாவ? பதறிப்போய்ச் செஞ்சாவ. அவங்க எடுக்கலைன்னா முங்கியே செத்திருப்பேன், அதுவும் உண்மைதான. நீ மாமாகிட்ட வாயத் தொறக்கக் கூடாது. தெரிஞ்சா அவங்க தாங்கமாட்டாவ."

அவர் தாங்குகிறார், நான் தாங்குகிறேன், வாப்பா மட்டும் தாங்கமாட்டாராம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் சரி என்றேன். வெள்ளிக்கிழமைகளில் கதை தொடங்கியதும் நான் மாடிக்குத் துணி எடுக்கப் போக ஆரம்பித்தேன். துணி காயாத மழைநாளிலும் போனேன்.

இப்படியே இருந்திருக்கும். ஒரு மத்தியானம் நானும் வாப்பாவும் மருந்துக்கடையில் அவருக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். பேட்டை ரோட்டில் எங்களுக்கு முன்னால் பைக்கில் போனவர் குறுக்கே வந்த ஆட்டுக்குப் பிரேக் போட்டுத் தூக்கி எறியப்பட்டார். விழுந்த இடத்திலேயே கிடந்தார். பக்கத்துப் பட்டறைகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அதற்குள் வாப்பா ஆட்டோவிலிருந்து இறங்கிவிட்டார். வயதானவர் எப்படி அத்தனை வேகமாகப் போனார் என்று தெரியவில்லை.

"ஏலே, காலப் பிடி. நான் தோளப் பிடிக்கேன். பையப் பையத் தூக்கி அந்த நெழலுக்குக் கொண்டுபோவோம்."

"தூக்காதீங்க வாப்பா!"

நான் கத்தியது எனக்கே பெரிதாகக் கேட்டது. கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. "என்னம்மா, வெயில்ல கெடந்து சாவட்டும்ங்கியா?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றவரை நான் தள்ளிவிட்டேன். விழுந்தவர் முனகினார், கைவிரல்கள் அசைந்தன. அந்த விரல்களைப் பார்த்ததும் நான் குறுக்கே போய் நின்றேன்.

"நீ சும்மா இரி" என்றார் வாப்பா. அவர் கை ஏற்கெனவே விழுந்தவரின் தோளுக்கடியில் போய்விட்டது. "எம் மருமவன நான் தூக்கித்தான காப்பாத்துனேன்?"

"நீங்க தூக்கிச் சுத்துனதாலதான் வாப்பா..."

அதோடு நிறுத்திக்கொண்டேன். நிறுத்தி என்ன பயன். வாப்பா என் முகத்தைப் பார்த்தார். அவருடைய கை மெதுவாக வெளியே வந்தது.

நான் வாப்பாவை விழுந்தவரின் தலைமாட்டில் மண்டியிட வைத்தேன். முழங்கையை ஊன்றச் சொன்னேன். இரண்டு கையாலும் தலையைப் பிடிக்கச் சொன்னேன். சொன்னபடியெல்லாம் செய்தார். தடி தூக்கிய அந்தக் கைகள் ஆடாமல் பிடித்தன. ஒருவரைக் குடை பிடிக்கச் சொன்னேன், ஒருவரைப் போன் பண்ணச் சொன்னேன். சண்டைக்கு வந்தவரே வண்டிகளைத் திருப்பிவிட ஆரம்பித்தார். தார் ரோடு கொதித்தது. வாப்பாவின் முழங்கைத் தோல் உரிந்திருக்கும், அவர் எடுக்கவில்லை. விழுந்தவரிடம் "அசையாதீங்க தம்பி, அசையாதீங்க தம்பி" என்று ஓதுவது போலச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆம்புலன்ஸில் வந்தவர் கழுத்துக்குப் பட்டை போட்டுவிட்டு, "யாரும் அசைக்கலையே? நல்ல காரியம் பண்ணுனீங்க பெரியவரே" என்றார். வாப்பா எழுந்து முழங்கையைத் துடைத்துக்கொண்டார். ஆட்டோவில் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி வந்தார். எங்கள் வீட்டு வாசலில் இறங்காமல் அப்படியே தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த மனிதருக்குக் கழுத்தெலும்பில் முறிவாம், ஆனால் நடந்தே வீட்டுக்குப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டோம். டீக்கடையில் எல்லோரும் வாப்பாவைப் பாராட்டியிருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போனார் என்று உம்மா சொன்னாள். என்ன ஆயிற்று உன் வாப்பாவுக்கு என்று என்னைக் கேட்டாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. வாப்பா வருவாரா என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. அப்போதுதான் நான் என் வீட்டுக்காரரைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்திருந்தேன். முதுகுக்குத் தலையணை கொடுத்து அப்படி வைத்துவிட்டால், நாங்களாகத் திருப்புகிற வரைக்கும் அவருக்குச் சுவர் மட்டும்தான் தெரியும். வாப்பா தலைமாட்டுக்குப் போகவில்லை. கட்டிலின் நடுவில் நின்றுகொண்டு கேட்டார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். தண்ணிக்குள்ள முட்டுன பொறவு ஒங்களுக்குக் கை அசைஞ்சுச்சா?"

 என் வீட்டுக்காரர் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

"இல்ல மாமா. முட்டுன அந்த நிமிசமே எல்லாம் போயிருச்சு. அதான் முங்குனேன்."

"படிக்கல்லப் பிடிச்சிருந்தீங்களே. நாம் பாத்தேனே."

"பிடிக்கல மாமா. அலையில கை அங்கன போய் ஒதுங்கியிருக்கும். எனக்கு ஒண்ணுமே தெரியல. நீங்க வந்து எடுத்ததுதான் தெரியும்."

வாப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவர் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனார். அங்கே தரையில் உட்கார்ந்தார். எங்களில் யாரும் யார் காலையும் தொடுவதில்லை, படைத்தவனுக்கு மட்டும்தான் குனிவோம். வாப்பா போர்வையை விலக்கி என் வீட்டுக்காரரின் இரண்டு பாதங்களையும் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். சத்தமில்லாமல் அழுதார். கண்ணீர் அந்தப் பாதங்களில் வழிந்தது. நான் தடுக்கவில்லை.

தெருக்கதவைக் காற்று அடித்துச் சாத்தியது. என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"மாமா போயிட்டாவளா?"

வாப்பா தலையைத் தூக்கவில்லை. கால்களையும் விடவில்லை.

"போயிட்டாவ" என்றேன்.

"நம்பிட்டாவளா?"

வாப்பா பாதங்களிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தார்.

"நம்பிட்டாவ" என்றேன்.